திருப்பள்ளியெழுச்சிக் குரல்: எம்.எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையாரின் திருவாழ்வு

ஸ்ரீ:

நமது கடலூர் மாவட்டம் எம்பெருமானோடும் இசையோடும் பிரிக்கவொண்ணாத தொடர்பு கொண்டது. தெய்வநாயகன் எழுந்தருளியுள்ள திருவஹீந்திரபுரம், கோவிந்தராஜன் கிடந்தருளும் தில்லைத் திருச்சித்திரகூடம், பூவராகன் தானே தோன்றி அருளும் ஸ்ரீமுஷ்ணம், மன்னனார் கோயில் கொண்ட காட்டுமன்னார்கோயில் ஆகிய தலங்களை ஒரே பயணத்தில் சேவித்து வரும் பேறு இப்பகுதியினருக்கு உண்டு. பெண்ணாடத்துக்குத் திருத்தூங்கானைமாடம் என்னும் பாடல்பெற்ற சிவத்தலமாகவும், மெய்கண்டாரை ஈன்ற ஊராகவும் தனிப்புகழ் உண்டு. சைவமும் வைணவமும் அருகருகே தழைத்த இவ்வெள்ளாற்றுப் பகுதியில் இரு சமயத்தாரையும் ஒன்றாய்ப் பிணைத்தது பண்ணோடு கூடிய தமிழேயாகும்.

காட்டுமன்னார்கோயிலின் பழம்பெயர் வீரநாராயணபுரம். அங்கே தோன்றிய நாதமுனிகள், மறைந்து கிடந்த நாலாயிரத்தை நம்மாழ்வாரின் அருளால் மீட்டு, தம் மருமக்களாகிய கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் இசையோடு கற்பித்தார். அவர் காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் குருபரம்பரை உரைக்கும். தேவகானம் பாடவல்ல கணிகை ஒருத்தி சோழன் அவையில் பாடினாள். அவள் இசையின் அருமை அங்கே உணரப்படவில்லை. எல்லோருக்கும் எளிதில் விளங்கும் மானிட கானம் பாடியவளுக்கே அரசன் சிறப்புச் செய்தான். மனம் நொந்த தேவகானக்காரி வீரநாராயணபுரம் வந்து மன்னனார் சன்னிதியில் பாடினாள். நாதமுனிகள் கேட்டு உகந்து, அவள் இசையே உயர்ந்தது என்று மெச்சினார். அதைக் கேள்வியுற்ற அரசனும் வந்து உண்மை உணர்ந்தான்.

பாடியவளின் குலத்தை ஆசாரியர் வினவவில்லை; பாட்டைக் கேட்டார், பாட்டை மதித்தார். இச்செய்தியை உள்ளத்தில் இருத்திக்கொண்டே இருபதாம் நூற்றாண்டில் நம்மிடையே வாழ்ந்து மறைந்த ஓர் இசைச்செல்வியின் வரலாற்றை இங்கே சிந்திப்போம். நாள்தோறும் வைகறையில் எந்தக் குரலைக் கேட்டு நம் இல்லங்கள் கண் விழிக்கின்றனவோ, அந்தக் குரலுக்கு உரிய எம்.எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையாரே அவர்.

வீணை ஒலித்த வீடு

1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் மதுரையில் மீனாட்சியம்மன் திருக்கோயிலை அடுத்த சிறியதொரு வீட்டில் அம்மையார் பிறந்தார். தாயார் சண்முகவடிவு வீணையில் தேர்ந்தவர். பாட்டியார் அக்கம்மாள் பிடில் வாசித்தவர். தமையனார் சக்திவேல் மிருதங்கமும், சகோதரி வடிவாம்பாள் வீணையும் பயின்றனர். ஊர்ப்பெயரையும் தாயின் பெயரையும் முதலெழுத்துக்களாகத் தாங்கியே மதுரை சண்முகவடிவு சுப்புலக்ஷ்மி என்னும் எம்.எஸ். உலகறிந்தவரானார். வீட்டில் அவரை அழைத்த பெயர் குஞ்சம்மா.

அக்குடும்பம் இசையையும் நடனத்தையும் கோயில் பணியாகக் காத்து வந்த பெண்டிர் மரபைச் சேர்ந்தது. தெய்வத்தின் முன்னிலையில் பாடி ஆடும் உரிமை பெற்றிருந்த அம்மரபினர் காலப்போக்கில் செல்வந்தரின் ஆதரவை நம்பி வாழ நேர்ந்தது. சமூகம் அவர்களுடைய கலையைச் சுவைத்தது. அவர்களை மட்டும் இல்லத்துக்கு வெளியே நிறுத்தியது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947-இல் சட்டத்தினால் தடை செய்தது. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னே பிறந்த பெண் குழந்தைக்கு இசை ஒன்றே செல்வமாகவும் கேடயமாகவும் இருந்தது.

சிறுமி தாயின் வீணை ஒலியிலேயே சுருதி கற்றாள். மதுரை ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் பாடம் தொடங்கியது. பத்து வயதிலேயே அவள் குரல் இசைத்தட்டில் ஏறிவிட்டது. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் நூற்றுக்கால் மண்டபத்தில் 1927-ஆம் ஆண்டு, பதினொரு வயதில், மைசூர் சௌடையா பிடில் வாசிக்க, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம் வாசிக்கக் கச்சேரி செய்தாள். பெரிய வித்துவான்கள் ஒரு சிறுமிக்குப் பக்கவாத்தியம் வாசித்தார்கள் என்பதிலிருந்தே அந்தக் குரலின் தகுதி விளங்கும். பின்னாளில் முசிறி சுப்பிரமணிய ஐயரிடமும், நெடுங்காலம் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயரிடமும் பாடம் கேட்டார். வடநாட்டு இசையைப் பண்டித நாராயணராவ் வியாசரிடம் பயின்றார். புகழின் உச்சியில் இருந்தபோதும் மாணவியாகவே அமர்ந்து கற்கும் குணம் இறுதிவரை அவரை விட்டு அகலவில்லை.

திருநீர்மலையில் திருமணம்

1936-ஆம் ஆண்டு மதுரையை விட்டுச் சென்னை வந்தது அவர் வாழ்வின் பெரும் திருப்பம். அங்கே தேசத் தொண்டரும் பத்திரிகைத் துறையினருமான தி. சதாசிவத்தின் துணை அவருக்குக் கிட்டியது. இருவரும் 1940-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் திருநீர்மலையில் மணம் புரிந்தனர்.

திருநீர்மலையின் பெருமையை வைணவ அன்பர்கள் நன்கறிவர். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்யதேசம் அது. எம்பெருமான் நின்றும், இருந்தும், கிடந்தும், உலகளந்தும் நான்கு திருக்கோலங்களில் அங்கே சேவை சாதிக்கின்றான். எந்த மரபில் பிறந்த பெண்ணுக்கு இல்லறம் எட்டாக்கனி என்று உலகம் எண்ணியதோ, அந்த மரபில் பிறந்தவர் ஆழ்வார் பாடிய பெருமானின் மலையடியில் குடும்பத்தலைவியானார். சதாசிவத்தின் முதல் மனைவியார் விட்டுச் சென்ற இரு பெண் குழந்தைகளுக்கும் அவரே தாயானார். மூத்தவர் ராதா பின்னாளில் மேடைதோறும் உடனிருந்து பாடி, அன்னையின் குரலுக்கு நிழலாக விளங்கினார்.

கணவரின் சொல்லே தமக்கு வழி என்று வாழ்ந்தவர் அம்மையார். எந்தக் கச்சேரி, எந்தப் பாடல், எந்த வரிசை என்பவற்றையெல்லாம் சதாசிவமே வகுத்தார். இது அளவு கடந்த கட்டுப்பாடு என்று கருதியவரும் உண்டு. அக்கட்டுப்பாடே அவரை உலகறியச் செய்தது என்று கருதியவரும் உண்டு. அம்மையாரோ இதுபற்றி வழக்காடியதில்லை. தமக்கு உரியதாக அவர் வைத்துக்கொண்டது சுருதியும் பாவமும் மட்டுமே.

வெள்ளித்திரையில் சில ஆண்டுகள்

அம்மையார் நடித்த திரைப்படங்கள் மிகச் சிலவே. 1938-இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய சேவாசதனம் முதற்படம். பிரேம்சந்தின் நாவலைத் தழுவிய அப்படம், பொருந்தா மணத்தில் சிக்கி அல்லலுறும் இளம்பெண்ணின் கதை. பெண்ணின் துயரத்தை நேருக்கு நேர் பேசிய அப்படத்தில் அவர் பாடி நடித்தார். 1940-இல் சகுந்தலை வந்தது. துஷ்யந்தனாக ஜி.என். பாலசுப்பிரமணியமும் சகுந்தலையாக அம்மையாரும் தோன்றினர். கருநாடக இசையின் இரு பெருங்குரல்களை ஒரே படத்தில் கேட்கும் வாய்ப்புத் தமிழ் மக்களுக்குக் கிட்டியது.

1941-இல் வெளிவந்த சாவித்திரி படத்தில் அவர் ஏற்றது நாரதர் வேடம். ஆண் வேடம் புனைய அவர் இசைந்ததற்குக் காரணம் உண்டு. சதாசிவமும், எழுத்தாளர் ரா. கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து கல்கி என்னும் வார இதழைத் தொடங்க விழைந்தனர். அதற்கு முதல் தேவைப்பட்டது. நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் அவ்விதழுக்கு வித்தாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் கல்கி பிறந்தது. சிவகாமியின் சபதமும் பொன்னியின் செல்வனும் பின்னர் அதன் பக்கங்களில்தான் மலர்ந்தன. வீராணத்து ஏரிக்கரையிலிருந்து வந்தியத்தேவன் புறப்படும் அக்கதையை வாசித்து மகிழ்ந்த நம் மாவட்டத்து மக்கள், அவ்விதழ் ஒரு பாடகியின் உழைப்பில் முளைத்தது என்பதையும் நினைவிற் கொள்வது தகும்.

மீராவாகவே மாறிய மாதரசி

1945-ஆம் ஆண்டு தீபாவளியையொட்டி வெளிவந்தது மீரா. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். இசையமைத்தவர் எஸ்.வி. வெங்கட்ராமன். மேவார் நாட்டு அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டும் கண்ணனையே தன் மணவாளனாக வரித்த மீராவின் கதையை நாம் அறிவோம். மானிடவர்க்கு வாழ்க்கைப்படேன் என்றிருந்த நம் கோதை நாச்சியாரின் உறுதியே வடநாட்டில் மீராவாக வந்து தோன்றியதோ என்று எண்ணத் தோன்றும்.

படத்தில் அம்மையார் நடித்தார் என்று சொல்வதினும் தம்மை மறந்து பாடினார் என்று சொல்வதே பொருந்தும். கண்ணனின் குழலோசை காற்றில் மிதந்து வருவதைப் பாடும் கல்கியின் பாடல் அப்படத்தில்தான் இடம் பெற்றது. எண்பது ஆண்டுகள் கடந்தும் அதன் மெட்டைத் தமிழ் மக்கள் மறக்கவில்லை. டூரிங் கொட்டகை மணலில் அமர்ந்து அப்படத்தைக் கண்ட தலைமுறை, வீட்டில் தொட்டிலை ஆட்டும்போதும் அதையே பாடியது. இசைத்தட்டு, வானொலி, நாடா, கைப்பேசி என்று கருவிகள் மாறின. அப்பாடல் மட்டும் மாறாமல் தொடர்ந்து வந்தது.

1947-இல் மீரா இந்தி மொழியிலும் வெளிவந்தது. கவிக்குயில் சரோஜினி நாயுடு அம்மையாரே படத்தின் தொடக்கத்தில் தோன்றி அவரை வடநாட்டு மக்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். அத்துடன் திரையுலகை அம்மையார் விட்டொழிந்தார். நாடு முழுதும் புகழ் பரவியிருந்த வேளை அது. இன்னும் பல படங்களில் நடித்துப் பொருள் குவித்திருக்கலாம். ஆயினும் மீராவுக்குப் பின் வேறு வேடம் புனையவில்லை. கண்ணனைப் பாடிய நாவுக்கு அதற்கு மேல் திரையில் வேலை இல்லாமற் போயிற்று.

அண்ணல் கேட்ட பாடல்

காந்தியடிகள் மீராவின் பஜனைப் பாடல் ஒன்றை அம்மையாரின் குரலில் கேட்க விரும்பினார். பக்தர் துயரைத் தீர்க்குமாறு ஹரியை வேண்டும் பாடல் அது. அவையில் திரௌபதியின் மானம் காத்ததையும், பிரகலாதனுக்காக நரசிங்கமானதையும், மடுவில் யானையைக் காத்ததையும் நினைவூட்டி அவனை அழைப்பது. தமக்குப் பழக்கமில்லாத அப்பாடலை அம்மையார் கற்று, சென்னை வானொலி நிலையத்தில் பாடிப் பதிவு செய்தார். அப்பதிவு தில்லிக்கு அனுப்பப்பட்டு, 1947 அக்டோபர் 2-ஆம் நாள், அண்ணலின் பிறந்த நாளன்று ஒலித்தது. அண்ணல் உயிரோடிருந்து கண்ட இறுதிப் பிறந்த நாள் அதுவே.

நான்கு திங்கள் கழிந்து, 1948 ஜனவரி 30-ஆம் நாள் அண்ணல் சுடப்பட்ட செய்தியை வானொலி அறிவித்தது. அதனைத் தொடர்ந்து அதே பாடல், அதே குரலில் நாடெங்கும் பரவியது. வானொலியில் அதைக் கேட்ட அம்மையார் நிலைகுலைந்து போனார். ஒருவரின் பிறந்த நாள் மகிழ்ச்சிக்காகப் பாடியது ஒரு தேசத்தின் ஒப்பாரியாயிற்று. இறைவனிடம் துயர் தீர்க்க வேண்டிப் பாடும் பாட்டு, பாடியவருக்கு மட்டும் உரியதன்று. அது எந்த நெஞ்சுக்கு எப்பொழுது மருந்தாகும் என்பதை அவனே அறிவான்.

திருமலையானை எழுப்பும் குரல்

1963-ஆம் ஆண்டு ஸ்ரீவேங்கடேச சுப்ரபாதம் அம்மையாரின் குரலில் இசைத்தட்டாக வெளிவந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் அருளிச் செய்தது இந்நூல். சுப்ரபாதம் இருபத்தொன்பது சுலோகங்கள், ஸ்தோத்திரம் பதினொன்று, பிரபத்தி பதினாறு, மங்களாசாசனம் பதினான்கு என எழுபது சுலோகங்களாக அமைந்தது. அதன் முதற் சுலோகம் வால்மீகி முனிவரின் வாக்கு. வேள்வி காக்க உடன் வந்த இளைய இராமனை விசுவாமித்திரர் வைகறையில் எழுப்பும் சொற்களே அவை. பள்ளியறைக் குழந்தையைத் தாய் எழுப்பும் பரிவும், ஆண்டவனை அடியார் எழுப்பும் பக்தியும் அதில் ஒருங்கே நிற்கும். அதில் வரும் பிரபத்தியோ திருமாமகளை முன்னிட்டு அவன் திருவடிகளைச் சரண் புகுதல். வைணவத்தின் உயிர்நிலையே அதுதான்.

தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கனுக்குத் திருப்பள்ளியெழுச்சி பாடினார். அவ்வழியில் வேங்கடவனுக்கு எழுந்த இந்நூல், அம்மையாரின் இசைத்தட்டு வெளிவரும்வரை பெரும்பாலும் கோயிலுக்குள்ளும் வைதிகர் இல்லங்களிலுமே ஒலித்து வந்தது. அதன்பின் வீதிதோறும் ஒலிக்கலாயிற்று. தேநீர்க் கடையிலும், பேருந்து நிலையத்திலும், பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கியிலும், கல்யாண வீட்டுப் பந்தலிலும் விடியல் என்றால் அந்தக் குரல்தான் என்றாகிவிட்டது. வடமொழி ஓரெழுத்தும் அறியாத பாமரர், ஏற்ற இறக்கம் பிசகாமல் உடன் முணுமுணுத்தனர். திருமலையில் மார்கழித் திங்களில் சுப்ரபாதம் ஓய்வு கொள்ள, அவ்விடத்தில் கோதையின் திருப்பாவை சேவிக்கப்படும் என்பதை அன்பர்கள் அறிவர். தென்மொழியும் வடமொழியும் அவன் திருமுன்னே முறை வைத்துப் பணி செய்கின்றன.

அந்த இசைத்தட்டினால் வரும் உரிமைத் தொகையைத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் வேதபாடசாலைக்கே அம்மையார் அளித்துவிட்டார். அவர் பாடியவற்றுள் மிகுதியாக விற்றது அதுவே. கோடிக்கணக்கான காதுகளில் ஒலித்த பாட்டின் பயன், வேதம் ஓதும் சிறுவரின் உணவும் உடையுமாயிற்று.

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பெண்டிர் வேதம் ஓதலாகாது என்றும், இன்ன குலத்தார் இன்ன இடத்தில்தான் நிற்கவேண்டும் என்றும் விதித்த சமுதாயம், தன் வைகறையை யாருடைய குரலிடம் ஒப்படைத்தது? மதுரை வீதியில் வீணைக்காரி மகளாய்ப் பிறந்தவரிடம் அன்றோ! பாணர் குலத்துத் திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து கருவறை சேர்ந்த வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கிறோம். அரங்கன் அன்று செய்த தீர்ப்பை வேங்கடவன் நம் காலத்தில் இன்னொரு முறை செய்து காட்டினான் என்றே கொள்ளவேண்டும்.

ஆயிரம் நாமமும் அருந்தமிழும்

சுப்ரபாதத்தைத் தொடர்ந்து விஷ்ணு சஹஸ்ரநாமத்தையும் அம்மையார் பாடியளித்தார். அம்புப் படுக்கையில் கிடந்த பீஷ்மர் தருமபுத்திரனுக்கு உபதேசித்த ஆயிரம் திருநாமங்களும் ஒரே சீரான ஓட்டத்தில், சொல்லுக்குச் சொல் தெளிவாய் வருவதைக் கேட்டே பலர் பாராயணம் கற்றனர். ஆதிசங்கரரின் பஜகோவிந்தமும் அவர் குரலில் வந்தது. அதற்கு முன்னுரை கூறியவர் இராஜாஜி.

மேடைகளில் அவர் விரும்பிப் பாடிய உருப்படிகளுள் திருமாலைப் பற்றியவை பல. முத்துசுவாமி தீட்சிதர் திருவரங்கனைப் பாடிய பிருந்தாவன சாரங்கா கீர்த்தனையை அவர் பாடக் கேட்டோர் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தம்மை மறந்து நிற்பர். இராமகாதை முழுவதையும் சுருங்கச் சொல்லும் சுவாதித் திருநாளின் உருப்படியை, செம்மங்குடியார் அமைத்த இராகமாலிகையில் பாடிப் பரப்பினார். தமிழுக்கு அவர் செய்த தொண்டுகளுள் தலையாயது, சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் திருமாலைப் போற்றும் பகுதியை மேடையேற்றியது. கடல் கடைந்தவனும் உலகளந்தவனும் யசோதையின் கயிற்றில் கட்டுண்ட எளிமையை இளங்கோவடிகள் வியந்து பாடியதை, ஏடறியாத மக்களும் செவியால் பெற்றனர்.

இவ்விடத்தில் சிதம்பரத்தையும் நினைக்கவேண்டும். 1941-ஆம் ஆண்டு அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப்பாடல்கள் இறுதியில் பாடும் துக்கடாக்களாய்க் குறைந்துவிட்டன என்னும் மனக்குறை அப்பொழுது ஓங்கி எழுந்தது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்ற அவ்வியக்கத்தைக் கல்கி எழுத்தால் ஆதரித்தார். அம்மையார் பாட்டால் ஆதரித்தார். அதே நேரம் தெலுங்கையோ வடமொழியையோ அவர் தள்ளியதில்லை. எம்பெருமானைப் பாடும் மொழி எதுவாயினும் அது அவருக்குத் தாய்மொழியே.

இராஜாஜி தம் முதுமையில் கண்ணனை நோக்கி இயற்றிய பாடலை, கடையநல்லூர் வெங்கடராமன் சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என மூன்று இராகங்களில் அமைத்தார். கண்ணுக்குப் புலப்படாமல் கல்லாய் மலைமேல் நிற்பவனிடம் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று உரைக்கும் சரணாகதிப் பாட்டு அது. அம்மையார் பாடிய பின் அது எழுத்தறிவில்லாத தாய்மாரின் பிரார்த்தனையுமாயிற்று.

கடல் கடந்த கைங்கர்யம்

1963-இல் எடின்பரோ விழாவிலும், 1966 அக்டோபர் 23-ஆம் நாள் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையிலும் அம்மையார் பாடினார். உலக நாடுகளின் பிரதிநிதிகள் முன்னே பாடுவதற்கென்று காஞ்சி மகாசுவாமிகள் வடமொழியில் அமைதி வாழ்த்து ஒன்று அருளினார். வசந்த் தேசாய் அதற்கு இசையமைத்தார். போரையும் பகையையும் விட்டு எல்லா உயிர்களிடமும் நட்புப் பூணவேண்டும் என்பது அதன் கருத்து. இராஜாஜி ஆங்கிலத்தில் எழுதிய பிரார்த்தனைப் பாடலும் அங்கே ஒலித்தது. நம் பட்டுச் சேலையும், குங்குமமும், மல்லிகையும், வைர மூக்குத்தியுமாய் அவர் எவ்வாறு மயிலாப்பூர் மேடையில் அமர்ந்தாரோ, அவ்வாறே அங்கும் அமர்ந்தார். அவர் விரும்பி உடுத்த நிறத்தைக் காஞ்சி நெசவாளர் எம்.எஸ். நீலம் என்றே வழங்கினர்.

விருதுகள் தாமே தேடி வந்தன. 1954-இல் பத்மபூஷண், 1968-இல் சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதிப் பட்டம், அதைப் பெற்ற முதற்பெண்மணி அவரே. 1974-இல் மகசேசே விருது. 1975-இல் பத்ம விபூஷண். 1998-இல் பாரத ரத்னம். அவ்வுயரிய விருதை இசைக்கலைஞருள் முதன்முதல் பெற்றவரும் அவரே. இவற்றை எண்ணிச் சொல்லும் நாம்தான் வியக்கிறோமேயன்றி, அவர் வியந்ததாகத் தெரியவில்லை.

கொடுத்துக் கொடுத்துக் குறைந்த செல்வம்

1944-இல் கஸ்தூரிபா நினைவு நிதிக்காக ஐந்து கச்சேரிகள் செய்தது முதல், மருத்துவமனை, பள்ளி, கோயில் திருப்பணி, அநாதை இல்லம் என்று அறங்களுக்காக அவர் பாடிய கச்சேரிகள் எண்ணற்றவை. பல இசைத்தட்டுக்களின் உரிமைத் தொகையையும் அறநிலையங்களுக்கே எழுதிக் கொடுத்தனர் தம்பதியர். இவ்வாறு வழங்கியவர் வீட்டில் செல்வம் தங்குவது எங்ஙனம்? எழுபதுகளில் பத்திரிகைத் தொழிலிலும் இடர் வந்தது. பரந்த தோட்டத்தோடு கூடிய கல்கி மாளிகையை விட்டு வெளியேறவேண்டியதாயிற்று. உலகம் போற்றிய பாடகி அறுபது வயதுக்கு மேல் எளிய வீட்டில் சிக்கனமாய் வாழ நேர்ந்தது.

அந்நாளில் அவருக்கு உதவக் கருதியவர் பலர். வெறும் கையுதவியை ஏற்கும் இயல்பு தம்பதியருக்கு இல்லை. காஞ்சி மகாசுவாமிகளின் திருவுள்ளக் குறிப்பறிந்து, திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஒரு வழி கண்டது. அப்பொழுது அதன் நிர்வாக அதிகாரியாய் இருந்தவர் பி.வி.ஆர்.கே. பிரசாத். பாலாஜி பஞ்சரத்னமாலை என்னும் பெயரில் ஐந்து இசைத்தட்டுக்களை அம்மையார் பாடித் தரவேண்டும் என்பது ஏற்பாடு. அதில் முதன்மையாய் அமைந்தவை தாளப்பாக்கம் அன்னமாசாரியாரின் சங்கீர்த்தனங்கள்.

அன்னமாசாரியார் 1408 முதல் 1503 வரை வாழ்ந்து, திருவேங்கடமுடையானையே பாடிய பரம பாகவதர். முப்பத்திரண்டாயிரம் கீர்த்தனங்கள் பாடினார் என்பது மரபு. அவற்றைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலில் ஓர் அறையில் வைத்தனர். நூற்றாண்டுகள் பலவாக அவை வெளிச்சம் காணாது கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் செப்பேடுகள் வெளிவந்து அச்சேறின. ஆயினும் பழைய மெட்டுகள் பெரும்பாலும் மறைந்து போயிருந்தன. நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற வித்துவான்கள் அவற்றுக்குப் புதிதாய் இசையமைத்தனர். அறுபது வயதைக் கடந்த அம்மையார் மாணவியைப்போல் அமர்ந்து, பழந்தெலுங்கின் சொல்லும் பொருளும் கேட்டறிந்து, ஒவ்வொன்றாய்ப் பாடம் பண்ணினார். 1980-ஐ ஒட்டி அவை வெளிவந்தன.

நாதமுனிகள் நாலாயிரத்தை மீட்டதை முன்னே சொன்னோம். ஏடு கிடைத்தல் முதற்படி. இசையோடு மக்கள் வாயில் ஏறுதலே நிறைவு. செப்பேட்டில் உறங்கிய அன்னமாசாரியாரின் கீர்த்தனங்கள் தென்னாடெங்கும் இல்லந்தோறும் புகுந்ததில் அம்மையாருக்குப் பெரும் பங்கு உண்டு. வறுமை வந்த நேரத்தில் எம்பெருமான் அவருக்குப் பொருளை வெறுமனே தரவில்லை. கைங்கர்யத்தைத் தந்து, அதன் வழியாகப் பொருளையும் தந்தான். அடியாரின் மானத்தைக் காக்கும் வழி அவனுக்கல்லவோ தெரியும்! திருமலைக்குச் செல்லும் அன்பர்கள் திருப்பதி நகரில் உள்ள அவரது சிலையைக் கண்டு வணங்கலாம்.

மௌனமும் நிறைவும்

1997 நவம்பரில் சதாசிவம் மறைந்தார். அதன்பின் அம்மையார் மேடை ஏறவில்லை. எழுபது ஆண்டுகள் ஓயாது பாடிய குரல், தானே விரும்பி மௌனம் பூண்டது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், மார்கழி பிறக்கச் சில நாட்களே இருந்த வேளையில், தம் எண்பத்தெட்டாம் வயதில் சென்னையில் இறைவனடி சேர்ந்தார். மறுநாள் விடியலிலும் நாடெங்கும் அவர் குரலிலேயே சுப்ரபாதம் ஒலித்தது. 2016-இல் அவரது நூற்றாண்டில் ஐக்கிய நாடுகள் சபையே அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

நாம் செய்யத்தக்கது

விழாவுக்கு வந்துள்ள அன்பர்களே! இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, பாடுவோரின் பிறப்பை நோக்காது பக்தியை நோக்குதல். நாதமுனிகள் காட்டிய வழி அதுவே. இரண்டாவது, பெற்றதை எம்பெருமான் உடைமை என்று எண்ணி வழங்குதல். மூன்றாவது, இன்று மிகவும் வேண்டுவது. கருவி பாடுகிறது என்று நாம் வாய்மூடி இருந்துவிடுகிறோம். பதிவாகிய குரல் நமக்கு ஆசானாக வந்ததே தவிர, நமக்குப் பதிலாகப் பாட வந்ததன்று. அம்மையார் பாடியதைக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை சஹஸ்ரநாமம் கற்றது. அதுபோல் நம் வீட்டுச் சிறுவர் சிறுமியர் நாளுக்கொரு சுலோகமாகச் சுப்ரபாதத்தையும், நாளுக்கொரு பாசுரமாகத் திருப்பள்ளியெழுச்சியையும் திருப்பாவையையும் கற்கட்டும். குரல் நயமில்லை என்று எவரும் தயங்க வேண்டா. யானையின் பிளிறலுக்கு ஓடி வந்தவன் சுருதி பார்த்தா வந்தான்?

இத்திருவிழா நாட்களில் ஒருநாளேனும் வைகறையில் ஒலிபெருக்கியைச் சற்றே நிறுத்தி, வந்திருப்போர் அனைவரும் ஒருசேரப் பாடிப் பெருமாளைப் பள்ளியெழுப்புவோமாக. அந்த இசைத் திருமகளுக்கு நாம் செலுத்தும் நன்றி அதனினும் சிறந்தது வேறில்லை.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.

சுபம்